மூன்று நிமிடங்களில் மறைந்த மெட்டு

கேள்வி: ‘பாடி அண்ட் சோல்’ என்ற ஜாஸ் பாடலின் பதிவுகளில் கோல்மன் ஹாக்கின்ஸ் சாக்ஸபோனில் வாசித்ததே தலைசிறந்தது என்று படித்துவிட்டு அதைக் கேட்டேன். மெட்டே பிடிபடவில்லை. பிறகு எப்படி அது அதே பாடலாகும்?

பதில்: உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. தொடக்கத்தில் மெட்டின் சாயலைச் சற்றே காட்டிவிட்டு, எஞ்சிய நேரம் முழுவதும் ஹாக்கின்ஸ் தம் கற்பனையையே வாசிக்கிறார். ஆனால் அந்தக் கற்பனை ஓடும் தடம் பாடலுக்கு உரியது. ஜானி கிரீன் 1930இல் அமைத்த இப்பாடலில் ‘பார்’ எனப்படும் தாள அளவுகள் 32 உண்டு. எட்டெட்டாகப் பிரியும் நான்கு பகுதிகளில் மூன்றாவது மட்டும் வேறானது: அது, பாடல் தொடங்கிய சுருதியிலிருந்து அரைச்சுரம் மேலே தாவி, பின்னர் அந்தச் சுருதிக்கும் அரைச்சுரம் கீழே இறங்கி, அதன் பிறகே வீடு திரும்புகிறது. இந்த வளைவும் இதைத் தாங்கும் ‘கார்டு’ எனப்படும், ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டுகளின் வரிசையுமே கலைஞர்களை மீண்டும் மீண்டும் இப்பாடலுக்கு இழுத்தன என்பது என் கருத்து. பாடல் வரிகள் அத்தனை உயர்ந்தவை அல்ல.

லூயி ஆம்ஸ்ட்ராங் 1930இலேயே இதைப் பதிவு செய்தார். 1935இல் பென்னி குட்மனின் மூவர் குழு வாசித்தது. ஐந்தாண்டுகள் ஐரோப்பாவில் இருந்துவிட்டுத் திரும்பிய ஹாக்கின்ஸ், 1939 அக்டோபர் 11 அன்று நியூயார்க்கில் அந்த 32 பாரையும் இரண்டு சுற்று வாசித்தார். மூன்றே நிமிட இசைத்தட்டு. மெட்டை ஏறக்குறையத் தொடாமல் கார்டுகளைப் பற்றிக்கொண்டே ஒரு பாடலைச் சொல்லிவிட முடியும் என்று அது காட்டியதால், பின்வந்த சாக்ஸபோன் கலைஞர்களுக்கு அதுவே பாடமாயிற்று. எடி ஜெஃபர்சன் அந்தக் கற்பனைக்கே சொற்களைப் பொருத்திப் பாடினார் என்றால் பாருங்கள்! சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனோ 1960இல் கார்டுகளையே மாற்றிப்போட்டார். மெட்டைக் காப்பாற்றியதால் அங்கும் பாடல் தொலைந்துபோகவில்லை.

நீங்கள் ஹாக்கின்ஸில் தொடங்கியதுதான் சிக்கல். பில்லி ஹாலிடே 1940இல் பாடியதை முதலில் கேட்டு மெட்டை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பிறகு ஹாக்கின்ஸின் பதிவை ஓடவிட்டு, அவருடைய சுருதியில் அந்த மெட்டை மெல்ல முணுமுணுத்துப் பாருங்கள். அவர் எங்கே அலைந்தாலும், நீங்கள் வீடு திரும்பும் இடத்தில் அவரும் வந்து நிற்பார்.