ஆர்.டி.கே நில அளவை: போனில் கிடைக்காத துல்லியம் இதில் எப்படிக் கிடைக்கிறது?

செயற்கைக்கோள் சிக்னலை வைத்து ஓர் இடத்தைச் சில சென்டிமீட்டர் பிழைக்குள் குறிக்கும் முறைதான் ஆர்.டி.கே. அதே சிக்னலை வாங்கும் போன் ஏன் சில மீட்டர் தள்ளிக் காட்டுகிறது? வளிமண்டலத்தைக் கடக்கையில் சிக்னல் கொஞ்சம் தாமதமாகிறது. சிக்னல் வந்துசேர எடுக்கும் நேரத்தை வைத்தே தூரம் கணக்கிடப்படுவதால், நொடியில் 100 கோடியில் ஒரு பங்கு தாமதமே 30 செ.மீ. பிழையாகிவிடும்!

அதனால், இருப்பிடம் ஏற்கெனவே துல்லியமாகத் தெரிந்த புள்ளியில் ஒரு கருவியை நிறுத்துகிறார்கள். அது அப்போதைய பிழையைக் கணித்து, வயலில் சர்வேயர் கம்பில் பிடித்திருக்கும் கருவிக்கு உடனுக்குடன் அனுப்புகிறது. காலியாக இருக்கும்போதே 50 கிராம் காட்டும் தராசில் அதைக் கழித்துக்கொள்வோமே, அப்படித்தான். கூடவே, சுமார் 19 செ.மீ. நீளமுள்ள சிக்னல் அலையையே அளவுகோலாக்குவதால் துல்லியம் இன்னும் கூடுகிறது. தென்னந்தோப்புக்குள் மட்டும் கவனம் தேவை, மட்டைகள் சிக்னலை மறைக்கும்.

பலர் நினைப்பதுபோல், செயற்கைக்கோள் உங்கள் நிலத்தின் எல்லையைப் பார்த்துச் சொல்வதில்லை. எல்லை எது என்பதைப் புலப்படமும் பதிவேடுகளும்தான் சொல்லும்.