முழங்கால் இருக்கட்டும், அந்த வலி மாத்திரையை முதலில் நிறுத்துங்கள்

கேள்வி: வயது 24. மூன்று வாரத்தில் பளுதூக்கும் போட்டி. ஸ்குவாட் செய்யும்போது முழங்காற்சில்லுக்குக் கீழே வலிக்கிறது. தினமும் வலி மாத்திரை போட்டுக்கொண்டு பயிற்சி செய்கிறேன். எடைப்பிரிவைவிட 2 கிலோ அதிகம். கடைசி இரண்டு நாள் தண்ணீரைக் குறைத்து இறக்கிவிடுவேன். ஒருமுறை கிளீன் (தரையிலிருந்து தோள்வரை பாரைத் தூக்குவது) எடுத்து நிமிர்ந்தபோது கண் இருட்டியது. போட்டியிலிருந்து விலக வேண்டுமா?

பதில்: விலக வேண்டியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எனக்குக் கவலை முழங்கால் இல்லை; போகிற போக்கில் சொன்னீர்களே, அந்த மாத்திரையும் தண்ணீரும்தான்.

உடம்பில் நீர் வற்றினால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறையும். அப்போது சிறுநீரகம் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரந்து, உள்ளே வரும் ரத்தக்குழாயை விரித்துச் சமாளிக்கும். ஐப்யூபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் தடுப்பது அதே புரோஸ்டாகிளாண்டினைத்தான். தனித்தனியே தாங்கிக்கொள்ளும் சிறுநீரகம், இரண்டும் சேர்ந்தால் திணறிவிடும். யாராவது நீர் பிரியும் மாத்திரை தந்தால் வாங்கவே வாங்காதீர்கள். ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் அதுவும் இருக்கிறது.

2 கிலோவுக்கு மூன்று வாரம் தாராளம். சாப்பாட்டின் அளவை இன்றே கொஞ்சம் குறையுங்கள், புரதத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். கடைசி இரண்டு மூன்று நாள் நார்ச்சத்தையும் உப்பையும் குறைத்தாலே தராசு கொஞ்சம் இறங்கும். எடை பார்ப்பது போட்டிக்கு 2 மணி நேரம் முன்புதான் தொடங்குகிறது. வற்றிய உடம்பு அதற்குள் தேறாது.

சரி, முழங்கால். வலிக்கும் இடத்தை ஒரே விரலால் தொட்டுக் காட்ட முடிகிறதா? முதல் செட்டில் வலித்து, உடம்பு சூடானதும் அடங்கி, மறுநாள் காலை படி இறங்கும்போது சுருக்கென்கிறதா? அப்படியென்றால் பெரும்பாலும் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நாண்) பிரச்சினை. முழு ஓய்வு இதற்கு மருந்தல்ல. சும்மா விட்டால் தசைநாண் இன்னும் பலவீனமாகும். பயிற்சியில் வலி பத்துக்கு மூன்று, நான்குக்குள் நின்று, மறுநாள் காலை பழைய நிலைக்கு வந்தால் தொடரலாம். லெக் எக்ஸ்டென்ஷனில் (உட்கார்ந்தபடி காலால் பளுவை உயர்த்தும் கருவி) காலைப் பாதி நீட்டி, அசையாமல் 45 விநாடி, ஐந்து முறை, இடையில் 2 நிமிடம் ஓய்வு. மாத்திரை செய்த வேலையைப் பலருக்கு இதுவே செய்துவிடும். கடைசிப் பத்து நாள் செட்களைப் பாதியாக்குங்கள். பாரில் கனம் இருக்கட்டும். பலம் எங்கும் போய்விடாது. ஸ்டீராய்டு ஊசி மட்டும் வேண்டாம். தசைநாண் அறுந்துபோகும் ஆபத்து உண்டு, போட்டிக் காலத்தில் தடையும் உண்டு.

அப்புறம் அந்தக் கண் இருட்டல். மூச்சை அடக்கித் தூக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. பார் கழுத்தில் உட்கார்ந்து அழுத்தினால் அதுவும் சேர்ந்துகொள்ளும். நிமிர்ந்ததும் பாரைத் தோளில் சரியாக அமர்த்தி, ஒரு மூச்சு விட்டு எடுத்து, பிறகு ஜெர்க் (தோளிலிருந்து தலைக்கு மேல் தூக்குவது) செய்யுங்கள். மறுபடியும் இருட்டினால் பிடித்துக்கொண்டு நிற்காமல் பாரை முன்னால் போட்டுவிட்டுப் பின்னால் நகருங்கள். தண்ணீர் குறைந்த உடம்பில் இது இன்னும் சீக்கிரம் வரும். பளு இல்லாதபோதும் மயக்கம் வந்தாலோ, படபடப்போ நெஞ்சுவலியோ இருந்தாலோ, குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தாலோ, இசிஜியும் எக்கோவும் எடுத்த பிறகே பாரைத் தொடுங்கள்.

இத்தனை நாள் மாத்திரை போட்டதால் ரத்த அழுத்தமும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையும் பார்த்துவிடுங்கள். தசை அதிகமுள்ளவர்களுக்குக் கிரியேட்டினின் சற்றுக் கூடுதலாகவே காட்டும். கிரியேட்டின் பவுடர் எடுத்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.