40 ராண்ட் ரொட்டி

அன்புள்ள ஐயா,

2021 ஜூலையில் தென்னாப்பிரிக்காவில் நடந்த கலவரத்தின்போது, டர்பனின் சாட்ஸ்வர்த்தில் நாங்கள் ரொட்டிக்கு அல்லாடிய நாட்களில், எங்கள் தெருமுனையில் ‘டீரூம்’ என்னும் சிறு மளிகைக் கடை வைத்திருப்பவர் ஒரு ரொட்டியை 40 ராண்டுக்கு விற்றார். அண்மையில் பதுக்கல் பற்றிய ஒரு செய்தியைப் படித்ததும் அந்தக் கோபம் மறுபடி கிளம்பிவிட்டது. என் மகனோ, "தேவை கூடினால் விலை கூடும், வியாபாரம் என்றால் அப்படித்தான், பெரிய கம்பெனிகள் செய்யாததையா அவர் செய்துவிட்டார்?" என்கிறான். அவன் சொல்வது சரியா? அந்தக் கடைப் பக்கமே நான் போவதில்லை. அதுவாவது சரியா?

வாசகர், சாட்ஸ்வர்த்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகன் சொன்னதில் முதல் பாதியை நான் ஏற்கவில்லை; இரண்டாம் பாதியில் அவர் நினைத்ததைவிட அதிக உண்மை இருக்கிறது.

அந்த வாரத்தில் மூயி ரிவர் என்ற ஊர் அருகே லாரிகள் எரிக்கப்பட்டு, டர்பனை ஜோகன்னஸ்பர்க்கோடு இணைக்கும் என்3 நெடுஞ்சாலை மூடப்பட்டது. டர்பனின் பெரிய கடைகள் பல சூறையாடப்பட்டன. பெட்ரோல் தட்டுப்பாட்டுக்கு நடுவே பேக்கரி வாசலில் வரிசையில் நின்று ரொட்டி வாங்கி வந்த ஒரு கடைக்காரர், தன் அலைச்சலுக்கும் ஆபத்துக்கும் சேர்த்து நாலைந்து ராண்ட் கூடுதலாகக் கேட்டிருந்தால் அதைப் பேராசை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வழக்கமான விலையைப்போல இரண்டு மடங்குக்கும் மேலே கேட்டவர் தன் செலவைக் கணக்குப் பார்க்கவில்லை, உங்கள் தவிப்பைக் கணக்குப் பார்த்தார். சட்டமும் ஏறக்குறைய இதையே கேட்கிறது. கொரோனாக் காலத்தில் முகக்கவச விலையை உயர்த்திய டிஸ்கெம் மருந்துக்கடை நிறுவனத்துக்குப் வணிகப் போட்டி வழக்குகளை விசாரிக்கும் போட்டித் தீர்ப்பாயம் 2020 ஜூலையில் 12 லட்சம் ராண்ட் அபராதம் விதித்தபோது, விலை ஏறிய அளவுக்குச் செலவு ஏறவில்லை என்பதே அடிப்படையாக இருந்தது.

இனி, பெரிய கம்பெனிகள். 2006 டிசம்பரில் கேப் டவுன் பகுதியில் ரொட்டி மொத்த விநியோகம் செய்துவந்தவர்களுக்குப் பெரிய பேக்கரி நிறுவனங்களிடமிருந்து அடுத்தடுத்து ஒரே மாதிரியான அறிவிப்பு வந்தது: விலை ஏறுகிறது, விநியோகஸ்தர் தள்ளுபடி குறைகிறது. விடியுமுன் கூடை கூடையாக ரொட்டி ஏற்றிப்போய் ஸ்பாசா எனப்படும் குடியிருப்புப் பகுதிப் பெட்டிக்கடைகளுக்குப் போடும் ஒருவருக்கு அந்தத் தள்ளுபடிதான் பிழைப்பு. அதில் சில சென்ட் குறைந்தாலே வண்டி ஓட்டிக் கட்டுப்படியாகாது. ஒரு பேக்கரி குறைத்தால் இன்னொன்றுக்குப் போகலாம் என்பதுதான் அவருடைய ஒரே பிடிமானம். அதைத்தான் அவர்கள் பேசிவைத்துப் பறித்தார்கள். இம்ரான் முக்கதம் என்ற விநியோகஸ்தரும் வேறு சிலரும் புகார் கொடுக்க, அந்தப் பேக்கரிகளில் ஒன்றான பிரீமியர் நிறுவனம் உண்மையைச் சொல்லி அபராதத்திலிருந்து மன்னிப்புப் பெற்றது. இன்னொன்றான டைகர் பிராண்ட்ஸ் 2007இல் ஏறத்தாழ 99 மில்லியன் ராண்ட் கட்டி ஒதுங்கிக்கொண்டது. கடைசிவரை மறுத்துப் போராடிய பயனியர் நிறுவனத்துக்கு 2010இல் 195 மில்லியனுக்கும் அதிகமான அபராதம் விழுந்தது. புகார் கொடுத்த முக்கதத்தின் தொழிலோ நொடித்துப்போயிற்று.

உங்கள் டீரூம்காரரையும் இவர்களையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. சாலையை மூடியது அவர் அல்ல. மூடிக் கிடந்ததைப் பயன்படுத்திக்கொண்டார். பேக்கரி நிறுவனங்களோ வாங்குபவருக்கு வேறு வழி இல்லாதபடி தாங்களே அடைத்தார்கள், அதுவும் சாதாரண நாட்களில், ஏழை வீட்டு ரொட்டியில். ஏழைகள் வாங்குவது என்பதற்காகவே பழுப்பு ரொட்டிக்கு இந்நாட்டில் மதிப்புக்கூட்டு வரி இல்லை. அரசு வேண்டாம் என்று விட்ட காசின்மீது ஒரு கூட்டம் கை வைத்தது என்றே இதைச் சொல்வேன். அவ்வளவு பெரிய தவறுக்கு நம் கோபம் எத்தனை நாள் நீடித்தது? குடைந்த ரொட்டிக்குள் குழம்பு நிரப்பித் தரும் பன்னி சௌ வாங்கப் போன இடத்தில் கால் ரொட்டிக்கு விலை ஏறிவிட்டது என்று கடைக்காரப் பையனிடம்தான் சண்டை போட்டிருப்போம். முகம் தெரிந்தவன்மேல்தான் நமக்குக் கோபம் வருகிறது. கூட்ட அறையில் உட்கார்ந்து விலை பேசியவர்களின் முகம் நமக்குத் தெரியாது.

அபராதத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது அரசுக் கருவூலத்துக்குப் போகிறது, ரொட்டி வாங்கியவர் கைக்கு வருவதில்லை. விநியோகஸ்தர்கள் கூட்டாக இழப்பீட்டு வழக்குத் தொடுக்கும் முயற்சிக்கே 2013இல் அரசியல் சாசன நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. இத்தகைய கூட்டுச் சதியில் ஈடுபடும் இயக்குநர்களுக்குப் பத்தாண்டு வரை சிறை என்ற சட்டம் 2016 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அபராதத்தை அடுத்த ஆண்டு விலையில் ஏற்றிவிடலாம், சிறைவாசத்தை ஏற்ற முடியாது என்பதால் இந்தச் சட்டத்தை நான் முழு மனதோடு வரவேற்கிறேன்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். அந்தக் கடைக்குப் போகாமல் இருப்பது உங்கள் உரிமை. அதைத் தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் இத்தனை ஆண்டு விலகியிருப்பதைவிட, ஒருநாள் நேரில் போய், "அன்றைக்கு அந்த ரொட்டி உங்களுக்கு என்ன விலைக்கு வந்தது?" என்று கேட்டுவிடலாம். பேக்கரியிலோ இடைத்தரகரிடமோ அவரே 35 ராண்ட் கொடுத்திருந்தால் நீங்கள் கோபப்பட வேண்டிய ஆள் வேறு. 15 ராண்டுக்குத்தான் வாங்கினார் என்றால், இப்போது போலவே வேறு கடையில் வாங்குங்கள். காரணத்தை மட்டும் அவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.

அன்புடன்.