மெஷின் சுர்ரென்கிறதா? வகுப்பு அப்புறம், முதலில் மெயினை ஆஃப் பண்ணுங்கள்

பர்கூர் பக்கம் ஒரு கிரானைட் பாலிஷ் யூனிட்டில் சூப்பர்வைசராக இருக்கும் வாசகர் கேட்டிருக்கிறார்: "20 பேர் வேலை செய்கிறோம், பாதிப் பேர் ஒடிசா, பீகார் பிள்ளைகள். கல் வாங்கும் கம்பெனியிலிருந்து (பையர்) ஆடிட் வருகிறது, மின் பாதுகாப்புப் பயிற்சி ஒருநாள் நடத்திக் கையெழுத்து வாங்கிவிடு என்கிறார் முதலாளி. என்ன சொல்லிக்கொடுப்பது? இன்னொன்று, ஒரு மெஷினைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்கிறது, செருப்புப் போட்டிருந்தால் தெரிவதில்லை."

நீங்கள் கடைசியில் 'இன்னொன்று' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் முதல் விஷயம். இப்போதே அந்த மெஷினை நிறுத்தி, மெயினை ஆஃப் செய்து, பூட்டுப் போட்டுச் சாவியை உங்கள் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். லேசாகச் சுர்ரென்பதால் கோளாறு லேசானது என்று நினைக்காதீர்கள். மெஷின் பாடிக்குக் கரண்ட் வந்துவிட்டது, செருப்பு காய்ந்திருப்பதால் உடம்பு வழியாகக் கொஞ்சமாகப் போகிறது, அவ்வளவுதான். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே விரல்கள் தானாக இறுகிக்கொள்ளும், விட நினைத்தாலும் கை விடாது. 30, 40 மில்லி ஆம்பியர் சில நொடி நீடித்தால் இதயமே தடுமாறி நின்றுபோகலாம். உங்கள் தரையில் நாள் முழுக்கத் தண்ணீரும் கல் சேறும், அந்தச் செருப்பு ஒருநாள் நனையாமலா இருக்கும்?

பியூஸ் போகவில்லையே, எம்சிபி (கரண்ட் அதிகமானால் தானாக விழும் சுவிட்ச்) விழவில்லையே என்று கேட்பீர்கள். நம் பக்கம் நாலடி தோண்டினால் பாறை, சித்திரை வைகாசியில் எர்த் குழியில் ஈரமே இருக்காது. எர்த்தின் தடை 20 ஓம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், 230 வோல்ட்டுக்கு 11.5 ஆம்பியர்தான் ஓடும். 32 ஆம்பியர் எம்சிபி அதற்கு அசையவே அசையாது, பாடியில் கரண்ட் அப்படியே நிற்கும். அதனால் உரிமம் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு மோட்டாரின் இன்சுலேஷனை மெகர் மீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள், எர்த் குழியையும் அளக்கச் சொல்லுங்கள். மோட்டார் பாடிக்கு இரண்டு தனித்தனி எர்த் வரவேண்டும் என்பது விதி, பல இடங்களில் ஒன்றுதான் இருக்கும், அதுவும் போல்ட் துருப்பிடித்து ஆடிக்கொண்டிருக்கும்.

கை கிரைண்டர் செருகும் ஒவ்வொரு பாயிண்டுக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வேண்டும், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச், நீங்கள் ஈஎல்சிபி என்பீர்களே அதுதான். டிரைவ் (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி) வைத்த பெரிய மெஷினுக்கு 30 நிற்காமல் அடிக்கடி ட்ரிப் ஆகும், அதற்கு 100 அல்லது 300 மில்லி ஆம்பியரில் தனியாகப் போடுவார்கள். ட்ரிப் ஆகிறது என்று ஒட்டுமொத்தமாக பைபாஸ் செய்ய மட்டும் யாரையும் விடாதீர்கள். தண்ணீர் விட்டுத் தேய்க்கும் வேலைக்குக் காற்றில் ஓடும் கிரைண்டர் கிடைக்கிறது, கம்ப்ரஸர் இருந்தால் அதற்கே மாறிவிடுங்கள் என்பேன்.

சரி, பயிற்சிக்கு வருவோம். சேர் போட்டு உட்காரவைத்துப் படம் காட்டாதீர்கள். ஐந்து ஐந்து பேராகப் பேனல் முன்னால் நிறுத்துங்கள். முதல் பாடம் ஒன்றே ஒன்று: சுர்ரென்றால் கையை எடு, ஆஃப் பண்ணு, வந்து சொல். மெஷினை நிறுத்தியதற்காக யாரையும் திட்ட மாட்டேன், சம்பளம் பிடிக்க மாட்டேன் என்று முதலாளி தன் வாயால் அவர்கள் முன்னால் சொல்லவேண்டும், அந்தப் பிள்ளைகளில் தமிழ் தெரிந்த ஒருவர் அதை ஒடியாவிலும் இந்தியிலும் திருப்பிச் சொல்லவேண்டும். இது இல்லாமல் மற்ற எதைச் சொல்லிக்கொடுத்தாலும் ரெஜிஸ்டரில் கையெழுத்துதான் மிஞ்சும். அப்புறம் ஒவ்வொருவரையும் தான் வேலை செய்யும் இடத்திலிருந்து மெயின் வரை நடந்துபோய்த் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை பேருக்கு வழி தெரியவில்லை என்பது அப்போதுதான் உங்களுக்கே தெரியும்.

கேபிளைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சில வருஷம் முன்பு ஒரு யூனிட்டில் சேற்றில் கிடந்த கிரைண்டர் ஒயரைத் துடைத்து டேப்பைப் பிரித்தேன், மூன்று சுற்று டேப், உள்ளே முறுக்கிய செம்பு பச்சை பிடித்திருந்தது, எர்த் ஒயரை ஒட்ட வெட்டிவிட்டிருந்தார்கள். மறுமுனையில் பிளக்கே இல்லை, ஒயரை சாக்கெட்டில் விட்டுத் தீக்குச்சி செருகியிருந்தது. அதைப் பிடித்து வேலை செய்துகொண்டிருந்த பையனுக்கு 20 வயது இருக்கும். உங்கள் யூனிட்டில் ஈரத்தில் கிடக்கும் ஒயரில் ஜாயிண்டே கூடாது, முழு ஒயரையும் மாற்றுங்கள்.

பேனலைத் திறப்பது எலக்ட்ரீஷியன் மட்டும்தான். அவருக்கும் ஒன்று சொல்லுங்கள், டெஸ்டர் எரியவில்லை என்பதை நம்பி கை வைக்கக்கூடாது. மீட்டரை முதலில் கரண்ட் இருக்கும் இடத்தில் வைத்துப் பார்த்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் பார்த்து, மறுபடி கரண்ட் இருக்கும் இடத்தில் பார்க்கவேண்டும். ஜெனரேட்டர் பக்கமும் பூட்டியாகவேண்டும், கெபாசிட்டரில் தங்கிய கரண்டும் இறங்கியிருக்கவேண்டும்.

கடைசி அரைமணி நேரத்தை, ஷாக் அடித்தவரைக் காப்பாற்றும் பழக்கத்துக்கு ஒதுக்குங்கள். ஒருவர் மாட்டிக்கொண்டால் ஓடிப்போய் இழுக்கக்கூடாது, மெயினை ஆஃப் செய்யவேண்டும், அது முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் தள்ளவேண்டும். மூச்சில்லை என்றால் ஒருவர் 108-க்குப் போன் போடட்டும், இன்னொருவர் நடுமார்பில் இரு கையையும் வைத்து 5 முதல் 6 செ.மீ. இறங்குமளவு நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்தட்டும், ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாமல். இறுக்கிக் கட்டிய சாக்கு மூட்டையைத் தரையில் போட்டு 20 பேரையும் இரண்டிரண்டு நிமிஷம் அழுத்தவையுங்கள். இரண்டு நிமிஷத்திலேயே தோள் வலிக்கும், ஆள் மாற்றவேண்டும் என்பது அப்போதுதான் புரியும்.

மெகர் ரீடிங்கும் எர்த் ரீடிங்கும் வந்ததும் எழுதுங்கள். அதுவரை அந்தச் சாவி உங்களிடமே இருக்கட்டும்.