ஈறு நோய்க்குச் சிகிச்சை பெற்றால் இரத்தக் கொழுப்பு குறையுமா?

இராமேசுவரம் அருகே மண்டபம் என்ற ஊரில் மீன்பிடித் தொழில் செய்யும் உங்கள் தந்தைக்கு ஈற்றில் இரத்தம் கசிவதையும் டிரைகிளிசரைடு என்னும் இரத்தக் கொழுப்பு கூடியிருப்பதையும் குறிப்பிட்டு, ஈற்றுச் சிகிச்சையால் கொழுப்பும் குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரளவு குறையக்கூடும், ஆனால் அதை நம்பி, மருத்துவர் கொடுத்த கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

பல்லுக்கும் ஈற்றுக்கும் இடையே 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் ஆழமான பைகள் உண்டாகி, அவற்றில் கிருமிகள் தங்கும்போது, அந்த அழற்சியில் சுரக்கும் வேதிப்பொருள்கள் இரத்தத்தில் கலந்து, கல்லீரல் கொழுப்பைக் கையாளும் முறையை மாற்றுகின்றன என்பதே ஈறு நோய்க்கும் இரத்தக் கொழுப்புக்கும் உள்ள தொடர்புக்குக் கூறப்படும் முக்கிய விளக்கம். நீரிழிவு இரண்டையும் மோசமாக்கும் என்பதால் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். இரவுக் கடலில் கண்விழிக்க அவர் புகையிலை போடுபவரானால், அதை விடாமல் ஈறு முழுமையாக ஆறாது. ஈற்றுக்கடியில் பல்லின் வேரில் கெட்டியாகப் படிந்த பற்காரையைப் பல் மருத்துவர் சுரண்டி எடுத்து ஏறத்தாழ 3 மாதம் கழித்து, பைகளின் ஆழத்தையும் வெறும் வயிற்றில் கொழுப்பின் அளவையும் மீண்டும் பரிசோதிக்கச் செய்யுங்கள்.