ஆழ்கடலில் வாழும் சின்ன மீன்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது? ஏன்?

கோடரி மீன். அதிலும் சுமார் நான்கு சென்டிமீட்டர் மட்டுமே வளரும் அர்கைரோபெலிகஸ் ஹெமிஜிம்னஸ் என்ற இனம். ஆழ்கடல் என்றாலே தூண்டில் மீனின் வாயையும் பல்லையும்தான் எல்லோரும் காட்டுகிறார்கள். எனக்கு இந்தப் பொடி மீனுக்கு அப்புறம்தான் மற்றதெல்லாம்.

பகலில் இது இருப்பது சில நூறு மீட்டர் ஆழத்தில். அங்கே முழு இருட்டு கிடையாது, மேலிருந்து மங்கலான நீல வெளிச்சம் இறங்கிக்கொண்டிருக்கும். ஒளிந்துகொள்ள ஒரு பாறைகூட இல்லை. கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கும் எதிரிக்கு, மேலே நீந்தும் எதுவும் கறுப்பு நிழலாகத் தெரிந்துவிடும்.

அந்த நிழலைக் கோடரி மீன் வெளிச்சம் போட்டே அழிக்கிறது! வயிற்றின் அடியோரம் நெடுக ஒளியுறுப்புகள் வரிசையாக இருக்கின்றன. உடலுக்குள் உண்டாகும் ஒளி, உட்புறம் வெள்ளியாகப் பளபளக்கும் குழாய்கள் வழியே கீழ்நோக்கி வருகிறது. வரும் வழியில் ஒரு நிறவடிகட்டியைக் கடப்பதால் கடலின் நீலத்தோடு ஒத்துப்போய்விடுகிறது. 1972இல் பிரிட்டிஷ் உயிரியலாளர் எரிக் டென்டனும் அவருடைய சகாக்களும் இப்படிப்பட்ட மீன்களின் ஒளி எந்தக் கோணத்தில் எவ்வளவு விழுகிறது என்று ஆராய்ந்தார்கள். நேர் கீழே அதிகம், பக்கவாட்டில் போகப்போகக் குறைவு. கடலுக்குள் பகல் வெளிச்சம் பரவுவதும் ஏறக்குறைய அதே கணக்கில்தான். எத்தனை முறை படித்தாலும் எனக்குப் புல்லரிக்கும் இடம் இது.

சரி, எவ்வளவு வெளிச்சம் போட வேண்டும் என்று மீனுக்கு எப்படித் தெரியும்? கண்ணுக்குப் பக்கத்திலேயே ஓர் ஒளியுறுப்பு இருக்கிறது. மேல்நோக்கியே பார்க்கும் அந்தக் குழாய்க் கண், தன் ஒளியையும் மேலிருந்து வரும் ஒளியையும் ஒப்பிட்டுச் சரிசெய்துகொள்ள அது உதவலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. பக்கவாட்டில் பார்ப்பவர்களை ஏமாற்ற உடல் முழுக்க வெள்ளிப் பூச்சு. முன்னாலிருந்து பார்த்தால் தகடு மாதிரி ஒல்லி.

இவ்வளவு ஆழத்து மீனை, நீர்மூழ்கி ஆய்வுக்கலம் எதுவும் இல்லாத 1829லேயே இத்தாலிய இயற்கையியலாளர் அனஸ்தாசியோ கோக்கோ விவரித்துவிட்டார். இத்தாலியின் மெஸ்ஸினா நீரிணையில் வலுவான நீரோட்டம் ஆழ்கடல் மீன்களை மேலே தள்ளிக் கரையில் ஒதுக்கிவிடும்.

ஆனாலும் இந்த மறைப்பு முழுப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன். சில ஆழ்கடல் மீன்களுக்குக் கண்வில்லை மஞ்சள் நிறம். சூரிய ஒளிக்கும் மீனின் ஒளிக்கும் உள்ள நுண்ணிய நிற வேறுபாட்டை அது எடுத்துக்காட்டிவிடும். அப்படிப்பட்ட மஞ்சள் வில்லை உள்ளவற்றில் ஒன்று அர்கைரோபெலிகஸ் அஃபினிஸ். அதுவும் ஒரு கோடரி மீன்தான்.