தொண்டை ஆபரேஷன் முடிந்தால் இரண்டு வாரம் சேலத்திலேயே இருங்கள்

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. ஏற்காட்டில் காபி எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறார். பலத்த குறட்டை, நடுவில் மூச்சே நின்றுவிடுகிறது. தூக்கப் பரிசோதனையில் 34 என்று வந்திருக்கிறது. சேலத்தில் தொண்டை ஆபரேஷன் செய்யலாம் என்கிறார்கள். எவ்வளவு செலவாகும்? எத்தனை நாளில் வேலைக்குப் போகலாம்?

பதில்: 34 என்றால், தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு 34 தடவை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது. 30-ஐத் தாண்டினாலே கடுமையான நிலை. இந்த நிலையில் முதல் சிகிச்சை முகமூடி வழியாகக் காற்றை அழுத்திக் கொடுக்கும் சிபேப் கருவிதான். அதைச் சில வாரமாவது ஒழுங்காகப் போட்டுப் பார்த்தாரா? அது ஒத்துவரவே இல்லை என்றால்தான், டான்சிலை எடுத்து அண்ணத்தைச் சரிசெய்யும் இந்த ஆபரேஷனை யோசிக்கச் சொல்வேன். டான்சில் பெரிதாக இருந்தால் பலன் கூடும். அடைப்பு நாக்கின் அடிப்பகுதியில் இருந்தால், அண்ணத்தை மட்டும் சரிசெய்வதால் பெரிய பயன் இராது. அதனால் லேசான மயக்கத்தில் குழாய்க் கேமரா விட்டு, எந்த இடம் மூடிக்கொள்கிறது என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

செலவு தனியாரில் பொதுவாக 80 ஆயிரத்திலிருந்து 2 லட்சம் வரை போகும். டான்சிலை எடுக்கப் பயன்படுத்தும் கருவி, ஓர் இரவு ஐசியு கண்காணிப்பு, இரண்டும்தான் பில்லை ஏற்றுபவை. இவை சேர்ந்ததா என்று கேட்டு எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள். காப்பீடு இருந்தால் காத்திருப்புக் காலம் (பாலிசி எடுத்த பிறகு சில சிகிச்சைகளுக்குப் பணம் தராத காலம்) முடிந்ததா என்று பாருங்கள். தூக்கப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் சேர்த்து முன்அனுமதி கேளுங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

வலி முதல் வாரம் கடுமையாக இருக்கும், காது வரை இழுக்கும். எச்சில் விழுங்கவே யோசிப்பார். டான்சில் இருந்த இடத்தில் வெள்ளையாகப் படியும். அது சீழ் இல்லை, ஆறும் புண்தான். தண்ணீர் குடித்தால் சில நாள் மூக்கு வழியாக வரலாம். ஆறிய கஞ்சி, பாலில் ஊறிய இட்லி, இளநீர் போதும். தட்டுவடை செட், முறுக்கு எதுவும் இரண்டு வாரத்துக்கு வேண்டாம். மது, தூக்க மாத்திரை கூடவே கூடாது. அவை மூச்சை மேலும் அடக்கிவிடும்.

எனக்குப் பயம் ரத்தக்கசிவைப் பற்றித்தான். முதல் 24 மணி நேரம் தாண்டிவிட்டால் முடிந்தது என்று நினைப்பார்கள். ஆனால் ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் அந்த வெள்ளைப் படிவு உதிரும்போது மறுபடி ரத்தம் வரலாம். அப்போது நள்ளிரவில் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வருவது எப்படி? உறவினர் வீட்டிலோ வாடகை அறையிலோ, மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே இரண்டு வாரம் தங்குங்கள். எச்சிலோடு சிவப்பாக ரத்தம் வந்தால் காத்திருக்காமல் கிளம்புங்கள்.

இரண்டு மூன்று வாரத்தில் உட்கார்ந்து செய்யும் வேலைக்குப் போகலாம். ஜீப் விஷயம் வேறு. குறட்டை குறைந்தாலும் மூச்சுத் தடை உள்ளே இருக்கலாம். மூன்று மாதம் கழித்து மறுபடி தூக்கப் பரிசோதனை செய்து, எண் இறங்கியதைப் பார்த்த பிறகுதான் மலைப்பாதையில் ஓட்டலாமா என்று முடிவு செய்ய வேண்டும். பகலில் கண் சொருகுகிறது என்றால் இன்றிலிருந்தே வேறு டிரைவர் ஓட்டட்டும்.